ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு படகுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒன்ராறியோ ஏரிகளில் பனிக்கட்டி கரையத் தொடங்கியதும் இரண்டு விளம்பரங்களை அருகருகே வைத்து "எதை வாங்கலாம்?" என்று கேட்கும் கடிதங்கள் குவியத் தொடங்கிவிடுகின்றன. விலையையும் நீளத்தையும் மட்டும் எழுதி அனுப்பியவர்களுக்கு என்னால் உதவ இயலவில்லை. கொள்ளளவுத் தகட்டை (படகு தாங்கும் சுமையையும் மோட்டாரின் வரம்பையும் குறிக்கும் தகடு) படித்துவிட்டு எழுதியவர்களுக்கு இயன்றவரை பதில் தந்திருக்கிறேன்.

இரண்டும் 14 அடிப் படகுகள். ஒன்று 1448 என்ற தட்டை அடி ஜான் படகு, மற்றது வி வடிவ அடி கொண்டது. சிம்கோ ஏரியில் மூன்று பேர் பேர்ச் மீன் பிடிக்கச் செல்வோம். ஜான் படகு 600 டொலர் மலிவு. (ஸ்காபரோ)

வி வடிவப் படகை வாங்குங்கள். 1448 என்பதில் 14 நீளத்தை அடியிலும், 48 அடித்தட்டின் அகலத்தை அங்குலத்திலும் குறிக்கின்றன. பக்கங்கள் எவ்வளவு உயரம் என்பதை அந்த எண் சொல்வதில்லை, உங்களுக்கு வேண்டிய தகவலோ அதுதான். சிம்கோ ஏறத்தாழ 720 சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள ஏரி. காலையில் கண்ணாடிபோலக் கிடக்கும் நீர், காற்று திரும்பியதும் ஒரு மணி நேரத்துக்குள் அலையெழுப்பத் தொடங்கிவிடும். அப்போது தட்டை அடி ஒவ்வோர் அலையிலும் அறைபடுவதுடன், மழுங்கிய அணியத்தின் (முன்முனையின்) மேலாகத் தண்ணீரும் உள்ளே வரும். ஸ்குகோக் ஏரியின் களையடர்ந்த ஓரங்களில், இரண்டு பேராக, கரையை விட்டு விலகாமல் மீன் பிடிப்பதென்றால் ஜான் படகைப் போல வசதியானது வேறில்லை. அது அசையாமல் நிற்கும், முழங்கால் ஆழ நீரிலும் ஓடும். மூன்று பேருக்கும் சிம்கோவுக்கும் அது பொருந்தாது. மிச்சமாகும் 600 டொலரை நடு ஏரியில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ரிவெட் அடித்த படகு நீடிக்குமா, வெல்டிங் செய்த படகு நீடிக்குமா? இரண்டும் ஒரே விலை. (மார்க்கம்)

ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால் இரண்டுமே உங்களைவிட நீண்ட காலம் இருக்கும். 1960களில் செய்த ரிவெட் படகுகள் இன்றும் விடுதிகளின் துறைகளில் வாடகைக்கு ஓடுகின்றன. ரிவெட் தளர்ந்தால் கசியும். ஒருவர் உள்ளே இரும்பைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் வெளியே சுத்தியலால் தட்டி அதை இறுக்கிவிடலாம். வெல்டிங் செய்த படகு பொதுவாகத் தடித்த தகட்டாலானது, பாறையில் மோதினாலும் தாங்கும், ஆனால் எடை கூடுவதால் மோட்டாரும் பெரிதாக வேண்டும். அதில் பிளவு விழுந்தால் அலுமினிய வெல்டிங் உண்மையிலேயே தெரிந்த ஒருவரைத் தேடிப் போகவேண்டும். பழைய ரிவெட் படகானால், ட்ரெய்லரில் இருக்கும்போதே உள்ளே இரண்டு அங்குலத் தண்ணீர் விட்டு, கீழே எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். அதற்குமேல் விடவேண்டாம், ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெல்டிங் படகானால் மோட்டார் பூட்டும் பின்பலகையின் இரண்டு மூலைகளையும், இருக்கைகள் பக்கத்தகட்டில் சேரும் இடங்களையும் மின்விளக்கு வைத்துப் பாருங்கள்.

படங்களை இணைத்துள்ளேன். எது நல்லது? அவசரம். (அஜாக்ஸ்)

இரண்டு படத்திலும் பச்சை நிறத் தார்ப்பாய்தான் தெரிகிறது.

ஒரே மாதிரி, ஒரே ஆண்டு, ஏறத்தாழ ஒரே விலை. ஒன்றில் 9.9 குதிரைவலு மோட்டார், மற்றதில் 20. வழக்கமாக மூன்று பேர் செல்வோம். சிறிய மோட்டாருக்கு உரிமம் தேவையில்லை என்கிறார்கள். (பிரம்ப்டன்)

இரண்டு வெவ்வேறு ஆவணங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். படகுக்கான உரிம எண் 10 குதிரைவலு அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டார் பூட்டிய படகுகளுக்கு உரியது, 9.9க்கு அது கட்டாயமில்லை. ஓட்டுநரின் தகுதி அட்டையோ, மோட்டார் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேண்டும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளை தனியாக ஓட்டக்கூடிய உச்சவரம்பு 10 குதிரைவலு, 12 முதல் 16 வயதுக்குட்பட்டவருக்கு 40 என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி மோட்டாரைப் பார்ப்போம். ஒருவர் மட்டும் ஏறினால் 9.9 அந்தப் படகைத் தூக்கி நீரின்மேல் ஓட்டிவிடும். மூன்று பேர் ஏறினால் அணியத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு உழுதுகொண்டே போகும், எரிபொருளும் வீணாகும். நீங்கள் வழக்கமாக மூன்று பேர் என்று எழுதியிருப்பதால் 20 உள்ள படகையே தெரிவுசெய்யுங்கள். ஆனால் முதலில் கொள்ளளவுத் தகட்டைப் படியுங்கள். அதில் 15 என்று இருந்தால் 20 பூட்டக்கூடாது, விற்பவர் என்ன சொன்னாலும் கூடாது. கனடாத் தகட்டிலுள்ள மொத்தச் சுமை என்பது ஆட்கள், மோட்டார், எரிபொருள், பொருட்கள் எல்லாம் சேர்ந்தது. மூன்று பேர் 240 கிலோ, நாலு ஸ்ட்ரோக் மோட்டார் 45 அல்லது 50, நிரம்பிய தாங்கியும் பற்றரியும் 40, பனிப்பெட்டியும் நங்கூரமும் மற்றவையும் 30 என்று வைத்தாலே 350 கிலோ தாண்டுகிறது. அந்த எண் நல்ல வானிலைக்கானது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

1988ஆம் ஆண்டின் ஒரே மாதிரி 14 அடிப் படகுகள் இரண்டு பார்த்தோம். ஒன்று பழையபடியே இருக்கிறது, மரம் நரைத்துவிட்டது. மற்றதில் சென்ற ஆண்டுதான் புதிய தரைப்பலகை, புதிய பின்பலகை, புதிய கம்பளம் போட்டிருக்கிறார்கள். 1,200 டொலர் அதிகம். புதிதாக்கியதை வாங்குவதே புத்திசாலித்தனம் என்கிறார் மைத்துனர். (ஓஷவா)

மைத்துனரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். "முழுவதும் புதுப்பித்தது" என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழும் முதல் கேள்வி, என்ன பலகை போட்டார்கள் என்பதுதான். பெரும்பாலான விற்பனையாளர்கள் பெருமையோடு தரும் பதில், "மருந்தூட்டிய பலகை, உக்கவே உக்காது" என்பது. பலகை உக்காது என்பது உண்மைதான், படகுதான் உக்கிப்போகும். வீட்டுப் பாவனைக்கான மருந்தூட்டிய மரத்தில் முன்பு இருந்த ஆர்செனிக் கலவை 2003ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த கலவைகளில் செம்பு முன்பைவிடக் கூடுதல். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். முதலில் வெள்ளைத் தூள், பிறகு குழிகள், பிறகு குண்டூசித் துளைகள். வீட்டு முற்றத்தில் மேடை கட்டுவதற்காகச் செய்யப்பட்ட பலகையைப் படகுக்குள் வைத்து, மேலே கம்பளத்தையும் ஒட்டிவிட்டால், மழை நீர் ஒரு கோடை முழுவதும் உலராமல் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். வெளியே பளபளப்பாக நிற்கும் படகு அடியிலிருந்து அரிக்கப்படுவதை வாங்கியவர் இரண்டு மூன்று பருவங்கள் கழித்தே அறிகிறார். இதைப் பலமுறை எழுதிவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு வசந்தத்திலும் யாரோ ஒருவர் அந்தப் பச்சைப் பலகையை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆகவே நேரில் போங்கள். கம்பளத்தின் ஓர் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடலாம். பலகையின் வெட்டிய விளிம்பில் பச்சை நிறமோ, தகட்டில் வெள்ளைத் தூளோ தென்பட்டால் 1,200 டொலரைக் குறைத்தாலும் வேண்டாம். வெளிப்பாவனைக்குரிய சாதாரண ஒட்டுப்பலகையை எப்பொக்ஸி பூசி, துருப்பிடிக்காத எஃகு ஆணிகளால் பூட்டியிருந்தால் அது நேர்மையான வேலை, அதற்குப் பணம் கொடுக்கலாம்.

நரைத்த படகையும் இதேபோலச் சோதியுங்கள். பின்பலகையை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல மரம் இறுக்கமாக ஒலிக்கும், உக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். மோட்டாரைப் பாதி தூக்கிவைத்து அதன் அடிப்பகுதியை மேலும் கீழும் அசைத்து, பின்பலகை வளைகிறதா என்று பாருங்கள். இருக்கைகளுக்குள் இருக்கும் நுரை, படகு கவிழ்ந்தாலும் அதை மிதக்கவைப்பதற்காக வைக்கப்பட்டது. பழைய நுரை தண்ணீரை உறிஞ்சிக் கனத்திருக்கும். படகை ட்ரெய்லரோடு ஒரு வாகனத் தராசில் நிறுத்தி, ட்ரெய்லரையும் மோட்டாரையும் கழித்து, தயாரிப்பாளர் தந்த எடையோடு ஒப்பிட்டால் எவ்வளவு நீர் உள்ளே இருக்கிறது என்பது விளங்கும். நுரை காய்ந்திருந்து, பின்பலகை மட்டும் உக்கியிருந்தால், நான் நரைத்த படகையே வாங்குவேன். ஒரு பலகையும் ஒரு வார இறுதியும் போதும்.

ஒன்று விடுபட்டது. இரண்டுமே 1988தானா? பின்பலகையின் வலப்பக்க மேல் மூலையில் பொறித்த அடையாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மாதிரி ஆண்டைக் காட்டும். அதைப் பார்க்காமல் விற்பவரின் ஞாபகத்தை நம்பவேண்டாம்.

லுண்டா, பிரின்ஸ்கிராஃப்டா? நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். (மிசிசாகா)

லுண்ட் 1948இல் மினசோட்டாவில் தொடங்கியது, பிரின்ஸ்கிராஃப்ட் கியூபெக்கின் பிரின்ஸ்வில் நகரத்தது, இன்று இரண்டும் பிரன்சுவிக் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. உங்கள் நண்பர்கள் சண்டையை நிறுத்திக்கொள்ளலாம். ஒரே நீளத்தில் இரண்டையும் நிறுத்தி, உட்புற ஆழத்தையும் விளிம்புக்கு விளிம்பு அகலத்தையும் நாடாவால் அளந்து, கூடியதை வாங்குங்கள். சமமாக இருந்தால் திருத்தும் கடை எதற்கு வீட்டருகில் இருக்கிறதோ அதை.

12 அடியை வேன் கூரையில் ஏற்றலாமா, 14ஐயும் ஏற்றலாமா? (பிக்கரிங்)

12 அடியின் எளிய மாதிரி ஏறத்தாழ 60 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம், கூரைச் சட்டத்தின் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 14க்கு ட்ரெய்லர் வாங்குங்கள்.

ட்ரெய்லரில் கொண்டுபோகும்போது அடித்தக்கையை (நீர் வடியும் துளையை அடைப்பது) பூட்டியே வைக்கலாமா? ஒன்றில் தக்கை எளிதில் கழலாது. (அஜாக்ஸ், இன்னொருவர்)

கூடாது. 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் படகைத் தரைவழியே கொண்டுசெல்லுமுன் தக்கையைக் கழற்றி நீரை வடித்து, ஒட்டிய களைகளையும் அகற்றவேண்டும் என்பது சட்டம். கழலாத தக்கை சில டொலர் விலையுள்ள குறை. அதற்காக நல்ல படகை விடவேண்டாம்.

என்னிடம் 15 அங்குல ஷாஃப்ட் (விசிறிவரை இறங்கும் தண்டு) உள்ள மோட்டார் இருக்கிறது. பார்த்த இரண்டு படகுகளில் ஒன்றின் பின்பலகை 15 அங்குலம், மற்றது 20. பெரியதையே மனைவி விரும்புகிறார். (விற்பி)

20 அங்குலப் பலகையில் அந்த மோட்டாரின் விசிறி நீரைச் சரியாகப் பிடிக்காது, திரும்பும்போது காற்றை உறிஞ்சிச் சுழலும், குளிர்நீரும் சரியாக ஏறாது. பலகையை வெட்டிக் குறைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வெட்டக்கூடாது, பின்னாலிருந்து வரும் அலை அந்த வழியாகத்தான் உள்ளே வரும். மனைவி சொல்லும் படகை வாங்கி, மோட்டாரை விற்றுவிட்டு 20 அங்குல ஷாஃப்ட் உள்ள ஒன்றைத் தேடுங்கள். அதை வாங்குமுன் கொள்ளளவுத் தகட்டைப் படியுங்கள்.