சந்தனமா, கருநீலமா?

கேள்வி: எங்கள் ஹால் 14-க்கு 12 அடி, உயரம் 10 அடி. மேற்கே உள்ள 12 அடிச் சுவரில்தான் ஒரே ஜன்னல். எனக்குச் சந்தன நிறம், கணவருக்குக் கருநீலம். எதை அடிப்பது?

பதில்: இரண்டையுமே அடிக்கலாம். கருநீலம் எந்தச் சுவருக்கு என்பதில்தான் விஷயம். ஜன்னல் சுவருக்கு வேண்டாம். மாலை வெயிலில் ஜன்னல் கண்ணைக் கூசும், சுற்றிலும் சுவர் கறுத்துக் கிடக்கும். பக்கச் சுவர்களில் வெயில் சாய்வாக உரசிப்போகும். பட்டி பார்த்ததில் இருக்கும் மேடுபள்ளம் அத்தனையும் நிழலாகத் தெரியும். ஜன்னலுக்கு எதிரே, கிழக்குச் சுவரில் வெளிச்சம் நேராக விழுவதால் அங்கே அடியுங்கள். மற்ற மூன்றும் சந்தனம்.

ஷேடு கார்டை மட்டும் நம்பாதீர்கள். 2-க்கு 2 அடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஒருநாள் காயவிட்டு, அந்தந்தச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஓரத்தில் வெள்ளை விடக்கூடாது. விட்டால் நிறம் இருப்பதைவிட அடர்த்தியாகத் தோன்றும். காலை 8 மணி, மாலை 4 மணி, இரவு விளக்கொளி என மூன்று வேளையும் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் சந்தனம் வெளிறும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் கருநீலம் ஏறக்குறைய கறுப்புதான்.

நல்ல எமல்ஷன் லிட்டருக்கு, இரண்டு கோட்டில், சுமார் 120 சதுர அடி வரும். கதவு, ஜன்னல் போக சந்தனச் சுவர்கள் 350 சதுர அடி: 4 லிட்டர் டப்பா ஒன்று போதும். கருநீலச் சுவர் 120 சதுர அடிதான், ஆனால் அடர் நிறத்துக்கு மூன்று கோட் தேவைப்படும், அதனால் ஒரு லிட்டர் டப்பா இரண்டு. அந்த நீல டப்பா இரண்டையும் ஒரே வாளியில் கலந்துகொண்டு அடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சுவர் நடுவில் நிறம் மாறலாம். வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிறம் கலந்த பிரைமர் அடித்தால் நீலம் சீக்கிரம் மூடும்.

மேட்டா, பளபளப்பா? எதிரே ஜன்னல் இருப்பதால் மேட். ஆனால் அந்தச் சுவரை ஒட்டி சோபா போட்டால், எண்ணெய்த் தலை சாய்கிற இடம் ஒரு மாதத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அரை அடி தள்ளிப் போடுங்கள். பிறகு கறை விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டு அடிக்காதீர்கள், திட்டாகத் தெரியும். மூலைக்கு மூலை முழுச் சுவரையும்தான் அடிக்க வேண்டும்.