கேளுங்க சொல்றேன்: புல்வெளில வளர்ந்த லாரா

அக்கா, என் பொண்ணு லைப்ரரில இருந்து லாரா இங்கல்ஸ் வைல்டரோட 'லிட்டில் ஹவுஸ்' புக்ஸ எடுத்துட்டு வந்து சோறு தண்ணி இல்லாம படிக்கிறா. அவ்ளோ கஷ்டத்துலயும் அந்தக் குடும்பம் சிரிச்சுக்கிட்டே இருக்கே, இதெல்லாம் நிஜமா நடந்ததா? – ஒரு வாசகி, தென்காசி

நடந்தது நிஜம், ஆனா சொல்லாம விட்டது நிறைய. லாரா பொறந்தது 1867ல, அமெரிக்காவுல விஸ்கான்சின் காட்டுக்குள்ள ஒரு மரவீட்ல. அங்கிருந்து கான்சாஸ், திரும்ப விஸ்கான்சின், அப்புறம் மினசோட்டா, அயோவா, மறுபடி மினசோட்டா, கடைசியா டகோட்டான்னு அப்பா சார்லஸ் வண்டி கட்டிக்கிட்டே இருந்தாரு, மனுஷனுக்கு ஒரு எடத்துல கால் தரிக்காது. இதுல அயோவாவுல குடியிருந்த காலம் மட்டும் கதையில வரவே வராது பாருங்க. மினசோட்டாவுல வெட்டுக்கிளி வந்து கோதுமைய மொட்டையடிச்சுட்டு போச்சு, அதுவும் ஒரு வருஷத்தோட விடல, அப்பா கூலிக்கு அறுவடை பண்ண கிழக்க நடந்தே போனாரு, 1875ல அரசாங்க நிவாரண மாவு வாங்க 'என்கிட்ட ஒண்ணுமே இல்ல'ன்னு எழுதி கையெழுத்துப் போட்டாரு. அடுத்த வருஷம் ஒன்பது மாசத் தம்பி செத்துப்போனான். அப்புறம்தான் அயோவாவுல பர் ஓக்ங்கற ஊருக்கு, ஒரு ஹோட்டல்ல ஒத்தாசைக்கு போனாங்க, பக்கத்துலயே சாராயக்கடை, லாராவும் அக்கா மேரியும் சின்ன வயசுலயே அங்க பாத்திரம் கழுவி பரிமாறிக்கிட்டு இருந்தாங்க. கடைசில வாடகை பாக்கிய வெச்சுட்டு ராத்திரியோட ராத்திரியா ஊரக் காலி பண்ணிட்டாங்க. பிள்ளைங்க புக்குல இதையெல்லாம் எப்படிப் போடறது, அதான் விட்டுட்டாங்க.

இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாமே கைக்கு வந்துடுது. கஷ்டப்பட்டு வளர்ந்தாத்தான் மனசு கெட்டிப்படும்ங்கறதுக்கு லாரா ஒருத்தியே சாட்சி போதாதா? – ஒரு வாசகர், கரூர்

போதாதுங்க. கஷ்டத்துக்கு அந்த சக்தி இருந்தா அதே வீட்ல பொறந்த தம்பி பொழச்சிருக்கணுமே. தப்பிச்சு வந்தவங்க கதைதான் நம்ம கைக்கு வருது, வராதவங்க எங்க வந்து சாட்சி சொல்றது?

நான் பாக்கறது வேற. 1879ல மேரிக்கு 14 வயசு, கடுமையா நோய் வந்து கண் பார்வை போயிடுச்சு. கதைல ஸ்கார்லெட் காய்ச்சல்னு இருக்கும், 2013ல சில டாக்டர்ங்க பழைய கடுதாசி, பேப்பரெல்லாம் தோண்டிப் பாத்து வைரஸால வந்த மூளைக் காய்ச்சலா இருக்கும்னு எழுதினாங்க. அப்ப லாராவுக்கு 12 வயசு, இனிமே அக்காவுக்கு நீதான் கண்ணுன்னு அப்பா சொல்லிட்டாரு. அதுலேர்ந்து போற வழியில தெரியற வானம், புல்லு, ஆளுங்க நடை உடை எல்லாத்தையும் வாய்விட்டு மேரிக்குச் சொல்லிக்கிட்டே வந்தா. எந்த வார்த்தைய எடுத்தா பாக்காதவங்களுக்கும் புரியும்னு தினமும் பழகின பொண்ணு பின்னாடி எழுத்தாளரானதுல எனக்கு ஆச்சரியமே இல்ல. பட்டினி அவளுக்கு எதையும் கத்துக்குடுக்கல சார், அவள நம்பி ஒரு ஆள் இருந்தாங்க, அதான் கத்துக்குடுத்துச்சு. பதினாறு வயசுல, கடுங்குளிர்ல, வீட்ட விட்டு எங்கயோ ஒரு குடிசைப் பள்ளிக்கூடத்துக்கு மாசம் 20 டாலருக்கு டீச்சரா போனா, தங்கின வீட்டம்மா நடுராத்திரி கத்தியோட புருஷன் முன்னாடி நின்ன கதையெல்லாம் உண்டு, ஆனாலும் பாதில ஓடி வரல.

தனியா நின்னு ஜெயிச்சான்னும் சொல்லாதீங்க. 1880-81 குளிர்காலத்துல அவங்க இருந்த டகோட்டாவோட டி ஸ்மெட் ஊர்ல ஜனவரிலேர்ந்து மே வரைக்கும் ரயிலே வரல, நிலக்கரி தீந்து காஞ்ச புல்ல முறுக்கி அடுப்பெரிச்சாங்க, காப்பிக்கொட்டை அரைக்கற மெஷின்ல கோதுமைய அரைச்சு ரொட்டி சுட்டாங்க. அந்தக் கோதுமையையும் பனியில உயிரப் பணயம் வெச்சு வாங்கிட்டு வந்தது ஊர்ப் பசங்க ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் அல்மான்சோ, பின்னாடி லாராவோட வீட்டுக்காரர் ஆனவரு. அந்தக் குளிர்காலம் பூரா கைக்குழந்தையோட இன்னொரு ஜோடியும் லாரா வீட்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, ஒரு வேலை செய்யாம! நாவல்ல அவங்களக் காணோம், குடும்பம் மட்டும் தன்னந்தனியா சமாளிச்ச மாதிரி இருக்கும். மேரி 1881ல அயோவாவுல பார்வையற்றோர் கல்லூரிக்குப் போனப்ப ஃபீஸ் கட்டினது டகோட்டா அரசாங்கம், அந்த விஷயமும் புக்குல இல்ல.

அவங்க போய் வீடு கட்டின நிலம் யாருடையது? – ஒரு கல்லூரி மாணவி, மதுரை

நல்லா கேட்டீங்க. கான்சாஸ்ல வீடு கட்டினது ஓசேஜ் பழங்குடி மக்களுக்குன்னு ஒதுக்கியிருந்த நிலத்துல, சட்டப்படி அங்க குடியேற இவங்களுக்கு உரிமையே கிடையாது. கதைல அந்த மக்கள் வீட்டுக்குள்ள வந்து பயமுறுத்தற மாதிரி வரும், யார் வீட்டுக்குள்ள யார் போனாங்கன்னு உங்க வீட்டுப் பசங்க படிக்கும்போது பக்கத்துல உக்காந்து கேட்டுப் பாருங்க. இப்படியெல்லாம் எழுதியிருந்ததாலதான் 2018ல அமெரிக்க நூலகச் சங்கம் லாரா பேர்ல குடுத்துக்கிட்டு இருந்த விருதோட பேரையே மாத்திடுச்சு. அதுக்காக புக்க பிடுங்கி வெச்சுடாதீங்க, கூட உக்காந்து பேசினா போதும்.

கல்யாணத்துக்கு அப்புறமாவது நிம்மதியா இருந்தாங்களா? – ஒரு வாசகி, திருப்பூர்

எங்க! 1885ல கல்யாணம், 1888ல ரெண்டு பேருக்கும் தொண்டை அடைப்பான், வீட்டுக்காரருக்கு கால் சரியா நடக்க வராமப் போச்சு, 1889ல ஆண்குழந்தை பொறந்த கொஞ்ச நாள்லயே போயிடுச்சு, அதே மாசம் வீடும் எரிஞ்சுது. 1894ல மிசௌரில மேன்ஸ்ஃபீல்டுக்குப் போய் பாறைக் காட்ட விலைக்கு வாங்கி ஆப்பிள் வெச்சு கோழி வளத்தாங்க. கோழி வளக்கறதப் பத்தி எழுதினது ஒரு பத்திரிகைக்காரர் காதுல விழுந்துதான் 1911ல விவசாயப் பத்திரிகைல எழுதவே ஆரம்பிச்சாங்க. முதல் புத்தகம் வந்தது 1932ல, அப்ப வயசு 65. மகள் ரோஸும் எழுத்தாளர், அவங்கதான் திருத்திக் குடுத்தாங்க, ஆனா எவ்ளோ திருத்தினாங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க.