அப்பா பெயரில் ஒரு ரிவால்வர்

வணக்கம் சார்,

நான் தோஹாவில் வேலை பார்க்கிறேன். அசோக் நகர் தனி வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். அப்பாவுக்கு வயது 72. எதிர் வீட்டுப் பூட்டை உடைத்து நகையை அள்ளிப் போனதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. அவர் பெயரில் லைசென்ஸ் எடுத்து ரிவால்வர் வாங்கிக் கொடுக்கலாமா? திருடனைச் சுட்டால் தற்காப்பு என்று சட்டம் ஏற்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விண்ணப்பிக்கலாம். ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சென்னையில் லைசென்ஸ் தருபவர் மாநகரக் காவல் ஆணையர். 2016 ஆயுத விதிகளின்படி ஏ-1 படிவம், பயிற்சிச் சான்றிதழ், பிறகு காவல் நிலைய விசாரணை. உயிருக்கு நேரடி மிரட்டல் உண்டா என்று பார்ப்பார்கள்; எதிர் வீட்டுத் திருட்டு அந்தக் கணக்கில் வருவது கடினம். கிடைத்தாலும் 9 மி.மீ. பிஸ்டல் கூடாது, கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 (குழல் அளவு) ரிவால்வர் போன்றவைதான். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். லைசென்ஸ் அப்பாவுக்கு மட்டும்தான், அம்மா அதைத் தொட முடியாது.

இரவு இரண்டு மணிக்குச் சத்தம் கேட்கிறது என்று வையுங்கள். துப்பாக்கி பூட்டிய பெட்டியில், தோட்டா வேறிடத்தில் இருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, நடுங்கும் விரலால் இருட்டில் ஆறு துளையிலும் தோட்டா போட வேண்டும். ஹாலில் அசையும் உருவம் பாத்ரூமுக்கு எழுந்த அம்மாவாக இருந்தால்? தோட்டா போட்டே தலையணைக்கடியில் வைத்தால் லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் கையில் சிக்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: தூக்கமிழந்து கலங்கியிருக்கும் பெரியவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பது திருடனைவிட ஆபத்து. முதலில் அவரை டாக்டரிடம் காட்டுங்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, இரவில் வீட்டை உடைத்து நுழைபவனுக்கு எதிரான தற்காப்பு அவன் உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூடப் போகலாம் என்கிறது. ஆனால் 37ஆம் பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது: தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. நகையோடு கேட்டைத் தாண்டி ஓடுபவனை முதுகில் சுட்டால் அது தற்காப்பு ஆகாது. தற்காப்புதான் என்று நீதிமன்றத்தில் காட்டும் பொறுப்பும் அப்பாவுடையது. 72 வயதில் அந்த அலைச்சல் அவருக்கு வேண்டாம்.

அந்தப் பணத்தைக் கதவில் போடுங்கள். கடப்பாரையால் நெம்பும்போது தேக்குக் கதவு தாங்கும். நிலையில் அரை அங்குல ஸ்க்ரூவில் நிற்கும் தாழ்ப்பாள் கொண்டிதான் பிய்ந்துவரும். நிலையைத் தாண்டிச் சுவருக்குள் 2 அங்குலமாவது இறங்கும் ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். மேலும் கீழும் கனத்த தாழ்ப்பாள், கீல்களுக்கு நீள ஸ்க்ரூ. வாசல் கதவை இரும்பாக்கிவிட்டு மொட்டை மாடிக் கதவைத் தகரமாகவே விடுவது இங்கே பல வீடுகளில் இருக்கும் குறை. அந்த வழியாகத்தான் இறங்குவார்கள். அங்கே கிரில் கதவும் ஆள் நடமாட்டத்தில் எரியும் விளக்கும் வேண்டும்.

படுக்கையறைக் கதவுக்கும் உள்ளே நல்ல தாழ்ப்பாள் வைத்து, சார்ஜ் போட்ட போனைத் தலைமாட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். சத்தம் கேட்டால் வெளியே போகவே வேண்டாம். தாழ் போட்டு, 112க்கு அடித்து, முகவரியை முதலில் சொல்ல வேண்டும். அடுத்து பக்கத்து வீட்டுக்கு. ஹாலில் இருக்கும் டிவி போனால் போகட்டும். நகையை பேங்க் லாக்கரில் வையுங்கள்.