1972 எம்ஜிபி காரின் கியர் நாப்பை உடைக்காமல் கழற்றிப் புதியது மாட்டுவது எப்படி?

நீங்களே செய்யலாம். கார் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டிய வேலை இல்லை இது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பிரச்சினை இரண்டு. ஒன்று, பழைய நாப்பில், அதாவது கியர் லீவரின் மேல்முனைக் குமிழில், விரிசல் விட்டிருக்கிறது, பிடித்துத் திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மேலே ஏறி வரவில்லை. இரண்டு, இணையக் கடையில் 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று விற்கும் அலுமினிய நாப்பை வாங்கிப் போடலாமா என்று கேட்கிறீர்கள். முதலாவதற்கு வழி இருக்கிறது. இரண்டாவதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். நானும் பினாங்கில் இந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் ஜிடி வகை ஒன்றை ஓட்டுகிறேன், இந்த ஊர் வெயிலும் ஈரமும் காருக்குள் என்ன செய்யும் என்று தெரியும்.

முதலில் நாப் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் நான்கு விதம். மரையில் (திருகு வரிகளில்) திருகி, அடியில் லாக் நட் போட்டு இறுக்கியது ஒன்று. பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூவால், அதாவது தலையில்லாத சின்ன ஸ்க்ரூவால், பிடித்தது இன்னொன்று, அதற்கு ஆலன் கீ போதும். மூன்றாவது மரையே இல்லாமல் கம்பியில் அழுத்திச் செருகியது. போர்ஷே 944 அப்படித்தான், நேராக மேலே இழுக்க வேண்டும், இழுக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று பிடி விட்டால் தாடையில் வந்து மோதும். நான்காவது உள்ளே வயர் ஓடுவது. 1977 மாடலிலிருந்து எம்ஜிபியில் ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) ஸ்விட்ச் கியர் நாப்புக்கே வந்துவிட்டது. அந்த நாப்பை முரட்டுத்தனமாகத் திருகினால் வயர் அறுந்துவிடும். உங்களுடையது 1972, அதனால் வயர் இருக்கக் கூடாது. ஆனால் ஐம்பது வருஷத்தில் எத்தனையோ கை மாறிய வண்டி, யாராவது பிந்திய மாடல் கியர்பாக்ஸை மாட்டியிருக்கலாம். நாப்பின் மேலே நகரும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைக் கீழே தள்ளினால் நாப்பின் அடியில் மெல்லிய லாக் நட் தெரியும். பலர் இதைப் பார்க்காமலேயே நாப்பை மட்டும் திருகித் திருகி உடைக்கிறார்கள். நட்டின் வேலை என்னவென்றால், மேலே பொறித்திருக்கும் கியர் படம் ஓட்டுநரை நேராகப் பார்க்கும் இடத்தில் நாப்பை நிறுத்தி, கீழிருந்து அழுத்திப் பூட்டுவது. அந்த அழுத்தத்தை விடுவிக்காமல் நாப் வராது. நட்டைக் கீழ்நோக்கி இறக்க வேண்டும், நாப்பை அந்த நேரம் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஸ்பேனர் அளவு முக்கியம். பிரிட்டிஷ் காரில் மில்லிமீட்டர் ஸ்பேனர் சரியாக உட்காராது. 5/16 அங்குல மரைக்கு வழக்கமான நட் 1/2 அங்குலம், அதாவது 12.7 மிமீ. 13 மிமீ ஸ்பேனர் உள்ளே போகும், ஆனால் துரு ஏறிய மெல்லிய நட்டின் முனைகளை மழுக்கிவிடும். 3/8 மரைக்கு 9/16 அங்குலம், 14.3 மிமீ. அதற்கு 14 நுழையவே நுழையாது, 15 ஆடும். நல்ல பழைய அங்குல ஸ்பேனர் வேண்டுமென்றால் ஞாயிறு காலையில் லோரோங் குலிட் பழைய பொருள் சந்தையில் தேடிப் பாருங்கள். ஷெஃபீல்டில் செய்த கருவிகள் துருவோடு கிடக்கும், தேய்த்தால் இன்னும் ஐம்பது வருஷம் உழைக்கும்.

நட் அசையவில்லையென்றால் ஊடுருவும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு இரவு முழுக்க விடுங்கள். கடலோரக் காற்றில் நின்ற வண்டிக்கு அதுதான் மருந்து. நெருப்பு வேண்டாம். ரப்பர் உறையும் கார்ப்பெட்டும் கருகும். பழைய நாப் பேக்லைட் (பழைய கெட்டிப் பிளாஸ்டிக்) வகையாக இருந்தால் சூட்டுக்கு இளகாது, விரிசல் விடத்தான் செய்யும். மற்ற பிளாஸ்டிக்காக இருந்தால் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றிச் சிறிது நேரம் வைப்பது உதவும்.

இப்போது உங்கள் நாப் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு வருவோம். நாப்பின் உள்ளே பித்தளையில் ஒரு மரைக்குழாய் வார்த்துப் பதித்திருப்பார்கள். விரிசல் விட்டதும் பிளாஸ்டிக் அந்தப் பித்தளையை விட்டுவிடுகிறது. வெளியே நீங்கள் திருகுவது பிளாஸ்டிக் மட்டும். பித்தளை லீவரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. அதனால்தான் எவ்வளவு பலம் போட்டாலும் வரவில்லை. லாக் நட்டை நன்றாக இறக்கிய பிறகு, நாப்பை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டே இடப்பக்கமாகத் திருகிப் பாருங்கள். சில சமயம் பித்தளையின் விளிம்பில் பிளாஸ்டிக் மாட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்து சுழன்று வந்துவிடும். வழுக்கினால் ரப்பர் பட்டை வைத்த ரெஞ்ச் பயன்படுத்துங்கள், பிளையர் வேண்டாம்.

அப்படியும் வரவில்லை என்றால் நாப்பைத் தியாகம் செய்ய வேண்டியதுதான். விரிசல் விட்டதால் அதைக் காப்பாற்றுவதில் பொருளும் இல்லை. சீட்டையும் ரப்பர் உறையையும் துணியால் மூடி, ஹாக்ஸா பிளேடால் விரிசல் வழியாகவே மேலிருந்து கீழாக அறுங்கள். பித்தளை நிறம் தெரிந்ததும் நிறுத்துங்கள். வெட்டிய பள்ளத்தில் தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினால் இரண்டாகப் பிளக்கும். மிச்சமுள்ள பித்தளையைக் கிரிப் பிளையரால் பிடித்துக் கழற்றலாம், அது போனால் போகட்டும், லீவரின் மரையில் மட்டும் பல் படக் கூடாது. ஒன்றைக் கவனியுங்கள்: லீவரையே பக்கவாட்டில் வளைத்து இழுக்காதீர்கள். அதன் கீழ் முனையில் இருக்கும் புஷ் என்ற சிறு வளையம் அந்தப் பலத்தைத் தாங்காது. பிறகு கியர் போடும்போது தளர்வு தெரியும், அதைச் சரிசெய்வது நாப் மாற்றுவதைவிடப் பல மடங்கு வேலை.

மரை விஷயம்தான் என் மனதில் மிகவும் அழுத்தமாக இருப்பது. 1948-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மரை அளவுக்கு ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் கார்களில் நுண்மரை, அதாவது யுஎன்எஃப், பரவியது. 5/16 யுஎன்எஃப், 3/8 யுஎன்எஃப் இரண்டிலும் அங்குலத்துக்கு 24 பல். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு 1.06 மிமீ. இங்கே சந்தையில் நிறைந்திருக்கும் நாப்புகள் ஜப்பானியக் காருக்கானவை. மஸ்டா எம்எக்ஸ்-5 என்றால் 10 மிமீ, பல் இடைவெளி 1.25. ஹோண்டா 10 மிமீ, 1.5. டொயோட்டா ஏஇ86 என்றால் 12 மிமீ, 1.25. டட்சன் 240இசட் 8 மிமீ, 1.25. இதில் ஆபத்தானது கடைசி வகை. 5/16 அங்குலம் 7.94 மிமீ. 8 மிமீ நாப் அதன் மேல் உட்காரும், ஒரு சுற்றுக்கு மேல் போகும், பிறகு இறுகும். அங்கே நிறுத்தாமல் பலம் கொடுத்தால் லீவரின் பல் நசுங்கிவிடும். ஒரு நண்பரின் வண்டியில் ஒரு ஒர்க்‌ஷாப் ஆள் அப்படித்தான் ஸ்பேனர் போட்டு ஏற்றிவிட்டார். அன்றைக்கு இறுக்கமாக நன்றாகத்தான் இருந்தது. அதைக் கழற்றியபோது லீவரின் மரையும் அதோடு வந்தது.

எனக்கு இந்த வேலை சொல்லிக்கொடுத்தவர் பட்டர்வொர்த்தில் லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டிய ஒரு பெரியவர். "மரை கையாலேயே கடைசி வரைக்கும் போகணும்யா, போகலைன்னா அது வேற மரை" என்பார். அதற்கு மேல் விதி எதுவும் தேவையில்லை. வாங்குவதற்கு முன் லீவர் முனையின் விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். 7.9-க்குச் சற்றுக் குறைவாக வந்தால் 5/16, 9.4-க்கு அருகே வந்தால் 3/8. பல் இடைவெளியைப் பிட்ச் கேஜில், அதாவது மரையோடு பொருத்திப் பார்க்கும் பல் தகட்டில், பாருங்கள். பழைய லாக் நட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது இன்னும் எளிது. உங்கள் ஆண்டு மாடலுக்கு இதுதான் அளவு என்று யாராவது சொன்னாலும் அளக்காமல் நம்பாதீர்கள். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை வந்த வண்டி, இடையில் பாகங்கள் மாறியிருக்கின்றன. லீவரும் மாறியிருக்கலாம்.

'எல்லாக் காருக்கும் பொருந்தும்' வகையில் மூன்று சின்ன ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் வளையமும் வரும். வளையத்தை லீவரின் மேல் செருகி ஸ்க்ரூவால் இறுக்குவது. நம் ஊர் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அந்தப் பிளாஸ்டிக் இளகும், பிடி தளரும். தெலுக் பகாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலையில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது நாப் கையோடு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

உலோக நாப் வேண்டுமா, மர நாப் வேண்டுமா என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. 50 மிமீ விட்டமுள்ள உருண்டையை எடுத்துக்கொண்டால் வால்நட் மரத்தில் 40 கிராமுக்குச் சற்று மேல் வரும், அலுமினியத்தில் 175 கிராமுக்கு மேல், எஃகில் அரைக் கிலோவையே தாண்டும். எடை கூடினால் கியர் வழுக்கிக்கொண்டு விழுவது போல ஓர் இதம் தெரியும் என்பது உண்மை. ஆனால் சின்க்ரோ (கியர் மாறும்போது சுழல்வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) தேய்ந்திருப்பதை அந்த எடை உங்கள் கையிலிருந்து மறைத்துவிடும். தேய்ந்த பழைய கியர்பாக்ஸில் குண்டும் குழியுமான ரோட்டில் கியர் தானாக நழுவவும் அது காரணமாகலாம். நண்பகலில் உலோகத்தைத் தொட முடியாது என்பது தனி. பளபளப்பான உலோகம் வியர்த்த கையில் வழுக்கும், தோல் போர்த்தியதில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நன்றாக வார்னிஷ் அடித்த மரம், உள்ளே பித்தளை மரையோடு, அல்லது அசல் வடிவத்தில் செய்த பிளாஸ்டிக் நாப், இந்த இரண்டில் ஒன்றைத்தான் நான் சொல்வேன்.

மாட்டுவது சுலபம். லீவர் மரையைப் பித்தளை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். லாக் நட்டை முதலில் கீழே இறக்கிவிட்டு நாப்பைக் கையால் முழுக்கத் திருகுங்கள். பிறகு கியர் படம் நேராக வரும்வரை பின்னோக்கித் திருப்பி, அங்கே பிடித்துக்கொண்டு நட்டை மேலே ஏற்றி இறுக்குங்கள். மெல்ல இறுக்கினால் போதும், அதிகம் இறுக்கினால் புதிய நாப்பிலும் அதே விரிசல் வரும். அதிர்வு ஓசை வந்தால் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை மரையில் ஒரு சுற்று சுற்றுங்கள். மரை தளராமல் பிடிக்கும் பூட்டுப் பசை போட நினைத்தால் நீல நிறம் மட்டும், அதுவும் மர நாப்புக்கு. சில பிளாஸ்டிக்குகளில் அந்தப் பசை விரிசல் விடச் செய்யும். சிவப்புப் பசையை நினைக்கவே வேண்டாம், அதை இளக்க 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்.

இன்ஜினை நிறுத்திய நிலையிலேயே எல்லா கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள், நாப்போ விரல்களோ எங்கும் இடிக்கக் கூடாது. ஒரு வாரம் ஓட்டியபின் நட்டைத் தொட்டுப் பாருங்கள்.

லீவரின் மரை ஏற்கனவே போயிருந்தால் மட்டும் வெளியே போக வேண்டும். அதற்கும் கார் ஒர்க்‌ஷாப் வேண்டாம், பட்டர்வொர்த் பக்கம் பிறை என்ற ஊரில் நல்ல லேத் பட்டறை ஒன்றைப் பிடியுங்கள். 3/8 மரை என்றால் கடைந்து 5/16 ஆகக் குறைத்து வெட்டித் தருவார்கள். 5/16-தான் கெட்டது என்றால் வெல்டு ஏற்றித் திரும்பக் கடைய வேண்டும். அதற்கு லீவரைக் கியர்பாக்ஸிலிருந்து கழற்றிக் கொண்டுபோங்கள், காரோடு வைத்து வெல்டு அடிக்க விடாதீர்கள்.