கருவின் உரிமை

கேள்வி: கருவிலிருக்கும் குழந்தைக்குச் சொத்துரிமை தரும் சட்டம், கருக்கலைப்பையும் அனுமதிப்பது முரண் அல்லவா? – வாசகி, பெரம்பூர், சென்னை.

பதில்: 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, தந்தை உயில் எழுதாமல் இறக்கும்போது கருவிலிருந்த குழந்தைக்குப் பங்கு தருகிறது என்றாலும், அது உயிருடன் பிறந்தால் மட்டுமே அந்தப் பங்கு நிலைக்கும் என்பதால், கருவை இன்னும் முழு மனிதராக அச்சட்டம் கொள்ளவில்லை என்றே நான் கருதுகிறேன். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், உரிய காரணம் இருந்தால் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தையும், அதன்பின் 24 வாரம் வரை, குறிப்பிட்ட நிலையிலுள்ள பெண்களுக்கு மட்டும், இரு மருத்துவர்களின் கருத்தையும் கேட்கிறது. கரு வளர வளர நம் பொறுப்பும் கூடுகிறது என்பதே இதன் உட்பொருள். ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடத்தும் நம் வழக்கத்திலும் இவ்வுணர்வைக் காண்கிறேன். கருவும் உயிரே என்பதை நான் மறுக்கவில்லை; ஆனால் அதைத் தன் உடலில் சுமப்பவர் ஐயத்திற்கே இடமின்றி முழு மனிதர் என்பதால், தொடக்க வாரங்களில் அவருடைய முடிவே முதன்மையானது.