முதலில் முடித்துவிட்டு வம்பு செய்யும் பிள்ளைகள்: கேள்வி பதில்

நடுநிலைப் பள்ளியில் 27 வருடம் கணக்கும் அறிவியலும் எடுத்தவள் நான். "நல்லா படிக்கிற பிள்ளைதான், ஆனா வகுப்பையே கலைக்குது" என்று எனக்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், 7ஆம் வகுப்பில் ஒரு பையன். நான் பலகையில் எழுதி முடிக்கும் முன்பே விடை சொல்லிவிடுவான். அப்புறம் மணி அடிக்கும்வரை பக்கத்துப் பையனைச் சீண்டிக்கொண்டே இருப்பான். என்ன செய்வது?

முதலில் ஒரு வாரம், அவன் எப்போது சீண்டுகிறான் என்று நேரத்தையும் அப்போது நடந்த வேலையையும் ஒரு தாளில் குறியுங்கள். நான் குறித்த தாள்களில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் தெரியும். தன் வேலை முடிந்து மற்றவர்கள் முடிக்கும்வரை சும்மா இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கும்.

பயிற்சியில் பத்துக் கணக்கு இருந்தால், கடினமான ஐந்தை முதலில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான்கு சரியாக இருந்தால் மீதியைப் போட வேண்டாம். இந்தச் சலுகை வகுப்பில் யார் கேட்டாலும் உண்டு என்று அறிவித்துவிடுங்கள், பொறாமை வராது.

மிச்சமாகும் நேரத்துக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுத்துவிடாதீர்கள். சீக்கிரம் முடித்தால் கூடுதல் சுமை என்று அவனுக்குப் புரிந்துவிடும். வேறு மாதிரியான ஒன்றைக் கொடுங்கள். நான் அடிக்கடி கொடுத்தது இது: 1 முதல் 100 வரை உள்ள எண்களில், காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக வருபவை எவை, ஏன்? முதலில் வரிசையாக எழுதிப் பார்ப்பார்கள். 36க்கு 1உம் 36உம் ஜோடி, 2உம் 18உம் ஜோடி என்று போய், 6க்கு ஜோடி 6தான் என்ற இடத்தில் நிற்பார்கள். வர்க்க எண்கள் மட்டும்தான், மொத்தம் பத்து என்று தானே கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அன்று யாரையும் சீண்ட அவனுக்கு நேரம் இருக்காது.

கேள்வி கேட்டதும் கை தூக்காமல் கத்திவிடுகிறாள். மற்றவர்கள் யோசிப்பதே இல்லை.

முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்துவிடாதீர்கள், அது ஒட்டிக்கொள்ளும். கேள்வி கேட்டபின் நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதையும் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். எல்லோரும் சிலேட்டில் விடை எழுதி, நீங்கள் சொன்னதும் தூக்கிக் காட்டட்டும். அவளைப் பார்த்து ஒரு தலையசைப்பு. தனக்கு விடை தெரியும் என்பது டீச்சருக்குத் தெரிந்துவிட்டது, அது போதும் அவளுக்கு.

மகன் 4ஆம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான். எழுதச் சொன்னால் நோட்டைக் கிழிக்கிறான். பள்ளியில் ஏ.டி.எச்.டி.யாக (கவனம் நிற்காத, அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) இருக்கும் என்கிறார்கள்.

அம்மா, பயப்படாதீர்கள். ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். ஏ.டி.எச்.டி. என்றால் அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஆசிரியர்கள் நாங்கள் அல்ல. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், எழுதும்போது மட்டும்தான் கோபம் வருகிறது. டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் வரும் சிரமம்) போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் அது இருக்கும். மனதில் இருப்பது கையில் வராத அவமானத்தில்தான் பல நோட்டுகள் கிழிகின்றன. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் காட்டுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்று இருந்தால் பின்னால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் கேட்கலாம். இப்போதைக்கு பாதிப் பதில்களை வாயால் சொல்ல விடும்படி அவன் டீச்சரிடம் கேளுங்கள்.

ரெண்டு அடி போட்டால் அடங்கிவிடுவான் என்கிறார்கள் மூத்த ஆசிரியர்கள்.

கூடாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதையும் மனதை நோகடிப்பதையும் தடை செய்கிறது. வெளியே நிற்க வைப்பதும் பலன் தராது. ஆரம்ப வருடங்களில் நானும் ஒரு பெண்ணை அப்படி நிற்க வைத்தேன். தெரிந்த பாடத்தை மறுபடி கேட்பதைவிட அவளுக்கு வராந்தாவே மேலாக இருந்தது. வேண்டுமென்றே வெளியே போக ஆரம்பித்தாள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது. இன்றும் வருத்தம்தான்.

லீடர் ஆக்கினால் சரியாகிவிடுமா?

கொஞ்ச நாள் சரியாகும். பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் வேலை என்றால் வேண்டாம், அவனுக்கு விரோதிகள்தான் சேருவார்கள். மெதுவாகப் படிப்பவர்களுக்குச் சொல்லித்தரும் வேலையையும் எப்போதாவது கொடுங்கள், தினமும் வேண்டாம். அவனும் கற்கத்தானே வந்திருக்கிறான்? ஆய்வகச் சாமான்களை எடுத்து வைத்து, சோதனையை முன்கூட்டியே செய்து பார்க்கும் பொறுப்பு நன்றாக வேலை செய்யும்.

எல்லார் முன்னாலும் என் தவறைச் சுட்டிக்காட்டுகிறான். அதிகப்பிரசங்கி என்று திட்டிவிட்டேன்.

அவன் சொன்னது சரியா என்று பாருங்கள். சரியென்றால், "ஆமாம்ப்பா, நல்லா கவனிச்ச" என்று திருத்திவிட்டுப் பாடத்தைத் தொடருங்கள். சொன்ன தொனி பிடிக்கவில்லை என்றால் அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாளைக்கே கூப்பிட்டு, திட்டியதற்கு வருத்தம் என்றும் சொல்லிவிடுங்கள்.

45 பேர் இருக்கிற வகுப்பில் ஒருவனுக்காக இதெல்லாம் எப்படி முடியும், டீச்சர்?

எல்லாவற்றையும் முடியாது. தினம் இரண்டு நிமிடம், பத்து நாள், படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் அவனோடு பேசுங்கள். என்னிடம் படித்த ஒரு பையன் மொட்டை மாடியில் புறா வளர்த்தான். நாலாவது நாள்தான் வாய் திறந்தான். எட்டாவது நாள், எந்தப் புறா எத்தனை மணிக்கு இறங்கியது என்று இரண்டு மாதமாக எழுதி வைத்திருந்த நோட்டைக் கொண்டுவந்து நீட்டினான். அந்த வருடம் சராசரி, வரைபடம் எல்லாவற்றையும் அந்த நோட்டை வைத்துத்தான் வகுப்பு முழுவதற்கும் நடத்தினேன்.