ஏர் பெட் வாங்கிவிட்டால் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை உண்டு. பக்கவாதம் வந்து 2 மாதமாகப் படுத்த படுக்கை. மூன்று நாளாக முதுகுத்தண்டின் அடியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்திருக்கிறது. குதிகாலில் காய்ந்த கறுப்புப் பொருக்கு. ஏஜென்சி அனுப்பிய நர்ஸ், "ஏர் பெட் இருக்கு, திருப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பவுடர் போட்டுத் தேய்க்கிறார். பொருக்கை வெட்டி எடுக்க ஆள் அழைத்து வருவதாகவும் சொல்கிறார். சரிதானா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: தேய்ப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்தம் போகாமல் நின்றதால் வந்த கறுப்பு அது. அதன்மேல் தேய்த்தால் உள்ளே நைந்த சதை இன்னும் கிழியும்.

அந்த இடத்தை விரலால் சில விநாடி அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். வெளுத்து, பிறகு பழைய நிறம் வந்தால் பெரிய சேதம் இல்லை என்பது பாடம். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய பாடம் அது. நம் தோலில் வெளுப்பது பல சமயம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் புறங்கையை வைத்துப் பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள். அங்கே மட்டும் சூடாகவோ சில்லென்றோ இருக்கிறதா? இறுகியோ குழைந்தோ இருக்கிறதா? தொட்டால் அப்பா முகம் சுளிக்கிறாரா? ஊதா கலந்த கறுப்பாக இருந்தாலோ, கொப்புளம், நாற்றம், காய்ச்சல் இருந்தாலோ இன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஏர் பெட் உதவும். ஆனால் திருப்பிவிடும் வேலையை அது செய்யாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், வலம் என்று மாற்றுங்கள். முழுப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பு எலும்பில் அடுத்த புண் வரும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, 30 டிகிரி சாய்த்தால் போதும். முதுகுத்தண்டின் அடியில் உங்கள் கை தடையில்லாமல் நுழைய வேண்டும். அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்கு அடியில் விரித்து, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் வேண்டவே வேண்டாம். ஈர டயப்பரை உடனே மாற்றுங்கள். டாக்டர் தடுக்காதவரை முட்டை, பருப்பு நிறையக் கொடுங்கள்.

அடுத்து அந்த "நர்ஸ்". நர்ஸ் படிப்புகளில் ஏ.என்.எம். 2 வருடம், ஜி.என்.எம். 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். இதில் ஒன்றைப் படித்து முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் ஓய்வுபெற்ற பிறகு பார்க்கப்போன ஒரு வீட்டில், வெள்ளைக் கோட்டு போட்டிருந்த பெண்ணுக்கு பிரஷர் பார்க்கத் தெரியவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பழக்கிவிடாமல் அனுப்பி, நர்ஸ் கட்டணம் வாங்கி, அவள் கூலியிலும் ஒரு பங்கு பிடித்துக்கொண்ட ஏஜென்சிமேல்தான் கோபம். உடம்பு துடைக்க, துணி மாற்ற உதவியாளர் போதும். அதை உதவியாளர் என்று சொல்லி, அதற்கேற்ற பணம் வாங்கட்டும். ஊசி, டியூப், புண் எதையும் அவரிடம் விடாதீர்கள். கமிஷனுக்காக மெத்தை, களிம்பு என்று தலையில் கட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

குதிகால் பொருக்குக்கு வருகிறேன். செத்த தோலை எடுத்தால்தான் புண் ஆறும் என்பது பொது விதி. குதிகால் அதற்கு விலக்கு. அங்கே பொருக்கு காய்ந்து, இறுகி, ஓரம் தூக்காமல் ஒட்டியிருந்தால் அதுவே மூடி. வெட்டினால் திறந்த புண். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு. காலில் ரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் அது ஆறாமலே போய்க் காலுக்கே ஆபத்தாகலாம். ஊறவைக்காதீர்கள், உரிக்காதீர்கள், ஈரக் கட்டும் வேண்டாம். காய்ந்தபடியே இருக்கட்டும். கெண்டைக்கால் நீளத்துக்குத் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கச் செய்யுங்கள். தண்ணீர் நிரப்பிய கையுறையைக் குதிகாலுக்கு வைப்பது பயனில்லை. தினமும் ஓரத்தைப் பாருங்கள்: இளகினாலோ, சீழ் கசிந்தாலோ, சுற்றிச் சூடோ வீக்கமோ தெரிந்தாலோ அறுவைசிகிச்சை டாக்டரிடம் போக வேண்டும். எப்படியும் காலின் ரத்த ஓட்டத்தை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பட்டியல் ஆங்கிலத்தில் நீளமாக இருக்கும். திருப்பிவிடுங்கள் என்று தமிழில் ஒரு வரி இருக்காது. முப்பது வருடம் வார்டில் இருந்து இதைச் சொல்லிச் சலித்துவிட்டேன். வீட்டுக்கு அனுப்பும் முன் குடும்பத்தாரை ஒருமுறை செய்ய வைத்துப் பார்க்க அரை மணி நேரம் ஆகாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிதணிப்புச் சிகிச்சை நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வர வேண்டும், காசில்லாமல். தானாக வரும் என்று காத்திருந்தால் நாள் போய்க்கொண்டே இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் போங்கள். அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டார்களா என்று பார்த்து, எந்தக் கிழமை வருவார்கள் என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.